மெல்லச் சுழலும் தண்டு

கனமான பொருளை வேகமாகச் சுழற்றுவதுதான் கஷ்டம், மெதுவாகச் சுழற்றுவதில் என்ன சிரமம் இருந்துவிடப் போகிறது என்று எண்ணுவது உலக வழக்கம். வேகத்துக்கு அதிகச் சக்தி வேண்டும், வேகத்தில் அபாயம் உண்டு, வேகமாக ஓடுவது சீக்கிரம் தேயும் என்பன போன்ற அன்றாட அனுபவங்களெல்லாம் அந்த எண்ணத்துக்குச் சாட்சி சொல்ல முன்வருகின்றன. ஆனால் அனல் மின்நிலையம் ஒன்றின் டர்பைன் மேடையில் பல வருஷங்கள் வேலை பார்த்த ஒருவரிடம், யந்திரம் நிமிஷத்துக்கு 3000 சுற்று சுற்றிக்கொண்டிருக்கும்போது உங்களுக்குக் கவலை அதிகமா, அல்லது அதே யந்திரம் நிறுத்தப்பட்டபின் நிமிஷத்துக்கு மூன்றே சுற்றாக ஊர்ந்துகொண்டிருக்கும்போது கவலை அதிகமா என்று கேட்டுப் பார்த்தால், அவர் அதிகம் யோசிக்காமல் இரண்டாவதையே சொல்லக்கூடும்.

அவருடைய கவலைக்குப் பின்னால் அடிப்படையான ஒரு பௌதிக நியாயம் இருக்கிறது. பாரமான தண்டு வேகமாகச் சுழலும்போது, தன்னைத் தாங்கும் ஆசனத்தைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. வேகம் குறையக் குறைய அந்த ஆசனம் கலைந்துபோகிறது. கலைந்ததை வெளியிலிருந்து மனிதன்தான் அமைத்துக் கொடுத்தாக வேண்டியிருக்கிறது. வேகம் இனாமாகக் கொடுத்து வந்ததை, நிதானத்தில் விலை கொடுத்து வாங்கவேண்டும் என்பதே இதன் சாரம்.

இந்த உண்மை விஞ்ஞானத்துக்குத் தெரியவந்த விதமே சுவாரஸ்யமானது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இங்கிலாந்தில் ரயில்களும் ஆலைகளும் பெருகி, சுழலும் அச்சுகள் எங்கும் நிறைந்திருந்த காலத்தில், உராய்வைப் பற்றித் தீர ஆராய்ந்து அறியவேண்டும் என்று லண்டனிலிருந்த யந்திரப் பொறியாளர் சங்கம் விரும்பி, அந்தப் பணியை பீச்சம் டவர் என்பவரிடம் ஒப்படைத்தது. ரயில் பெட்டியின் அச்சைப் போல நான்கு அங்குல விட்டமுள்ள ஒரு தண்டை அமைத்து, அதன் மேற்புறத்தில் ஆறு அங்குல நீளமுள்ள அரைவட்ட வெண்கலத் தாங்கி ஒன்றைக் கவிழ்த்து, அதன்மேல் பாரத்தை ஏற்றி, தண்டின் அடிப்பாகம் எண்ணெயில் நனைந்தபடி சுழலுமாறு செய்து, 1883-ஆம் வருஷத்தில் அவர் சோதனைகளை நடத்திக்கொண்டிருந்தார். வேறொரு முறையில் எண்ணெய் விட்டுப் பார்க்கலாம் என்று கருதித் தாங்கியின் உச்சியில் நடுவாக ஒரு துளை போட்டார். தண்டை மறுபடியும் ஓடவிட்டதும், மேலிருந்து கீழே இறங்க வேண்டிய எண்ணெய், கீழிருந்து மேலே ஊறித் துளையின் வழியே வழியத் தொடங்கியது. தக்கையை வைத்து அடைத்தார். எண்ணெய் தக்கையைத் தள்ளிவிட்டது. மரமுளையை அடித்து இறுக்கினார்; அந்த முளையும் மெல்ல மெல்ல மேலே எழும்பி வெளியே வந்தது. கடைசியில் சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டு வரை காட்டக்கூடிய அழுத்தமானி ஒன்றை அந்தத் துளையில் பொருத்திப் பார்த்தபோது, முள் எல்லைவரை ஓடி அங்கேயே முட்டிக்கொண்டு நின்றது. தாங்கியின்மேல் அவர் ஏற்றியிருந்த பாரமோ, பரப்பு முழுவதற்கும் பகிர்ந்து பார்த்தால், சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டுதான்.

வெண்கலம் இரும்பின்மேல் உட்கார்ந்திருக்கிறது, எண்ணெய் இரண்டுக்கும் நடுவே வழுவழுப்பைத் தந்துகொண்டிருக்கிறது என்று அதுவரை எல்லோரும் நினைத்திருந்தார்கள். டவரின் மரமுளை வேறொன்றைச் சொல்லிற்று. வெண்கலம் எண்ணெயின்மேல் மிதந்துகொண்டிருந்தது. இரும்பை அது தொடவே இல்லை. தண்டின்மேல் ஏற்றிய முழு பாரத்தையும் கண்ணுக்குப் புலப்படாத ஓர் எண்ணெய்ப் படலம் சுமந்துகொண்டிருந்தது. அந்தப் படலத்துக்கு அவ்வளவு அழுத்தத்தை எந்தப் பம்பும் கொடுக்கவில்லை என்பதுதான் இதில் பெரிய ஆச்சரியம்.

அழுத்தம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு, மான்செஸ்டரில் பேராசிரியராயிருந்த ஆஸ்போர்ன் ரேனால்ட்ஸ் 1886-இல் கணித ரீதியாக விடை கூறினார். தண்டின் விட்டம் தாங்கியின் உள்விட்டத்தைவிட இம்மி குறைவாகவே இருக்கும். பாரத்தினால் தண்டு ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்கும். ஆகவே இரண்டுக்கும் நடுவிலுள்ள இடுக்கு எங்கும் ஒரே அகலமாக இராமல், ஓரிடத்தில் அகன்றும் மற்றோரிடத்தில் ஒடுங்கியும், வளைத்து வைத்த ஆப்பின் வடிவத்தை அடைகிறது. எண்ணெய்க்குப் பிசுபிசுப்பு உண்டு. தண்டின் மேற்பரப்பை ஒட்டிய எண்ணெய் தண்டோடு கூடவே இழுபட்டு, அகன்ற இடத்திலிருந்து ஒடுங்கிய இடத்தை நோக்கி ஓடுகிறது. உள்ளே புகும் எண்ணெய் அவ்வளவும் அந்த ஒடுக்கத்தின் வழியே வெளியேற இயலாமையால் அங்கே நெருக்கம் ஏற்படுகிறது, நெருக்கம் அழுத்தமாகிறது, அழுத்தம் தண்டை உலோகத்திலிருந்து விலக்கித் தூக்கிப் பிடிக்கிறது. தண்டு தன் சுழற்சியாலேயே ஒரு பம்பாக மாறித் தனக்கு வேண்டிய மெத்தையைத் தானே பரப்பிக்கொள்கிறது என்று இதைச் சுருக்கமாகச் சொல்லலாம்.

ரேனால்ட்ஸின் கணிதத்தை முழுவதும் பின்பற்றாவிட்டாலும், அதிலிருந்து கிடைக்கும் ஒரு முடிவை மட்டும் நாம் மனத்தில் வைத்துக்கொள்வது அவசியம். மெத்தையின் கனம் மூன்று விஷயங்களைப் பொறுத்தது: எண்ணெயின் பிசுபிசுப்பு, தண்டின் வேகம், தண்டின்மேல் உள்ள பாரம். முதல் இரண்டும் மெத்தையை வளர்ப்பவை. மூன்றாவது அதை நசுக்குவது. மின்நிலைய டர்பைன் ஒன்றில் பேரிங் என்னும் தாங்கிக்குள் உட்காரும் தண்டின் பாகம் 40 சென்டிமீட்டர் விட்டமுள்ளது என்று வைத்துக்கொள்வோம். நிமிஷத்துக்கு 3000 சுற்றில் அதன் மேற்பரப்பு வினாடிக்கு ஏறக்குறைய 63 மீட்டர் வேகத்தில் விரைகிறது. மூன்று சுற்றிலோ வினாடிக்கு ஆறு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாக நகர்கிறது. மெத்தையை உண்டாக்கும் வேகம் ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. ஆனால் தண்டின் எடையில் ஒரு ராத்தல்கூடக் குறையவில்லை. அப்போது படலம் மெலிந்து, உலோகப் பரப்புகளிலுள்ள சூக்ஷ்மமான மேடுகள் அதைக் கிழித்துக்கொண்டு ஒன்றையொன்று முட்டத் தொடங்குகின்றன.

1902-இல் ரிச்சர்ட் ஷ்ட்ரீபெக் என்ற ஜெர்மானியப் பொறியாளர், வேகத்தைப் படிப்படியாக மாற்றி உராய்வை அளந்து வெளியிட்ட வளைகோடு இதைக் கண்முன் காட்டுகிறது. நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது உராய்வு மிக அதிகம். வேகம் ஏற ஏற அது சரிந்து ஒரு தாழ்ந்த இடத்தை அடைகிறது. அதன்பின் எண்ணெயின் சொந்த இழுவிசையால் மெல்ல மறுபடியும் ஏறுகிறது. கோயில் தேரை நிலையிலிருந்து கிளப்புவதற்குப் பின்னாலிருந்து உலுக்கு மரம் போட்டு நெம்பவேண்டியிருக்கிறது, கிளம்பிவிட்ட தேரை இழுத்துச் செல்ல வடம் போதுமாயிருக்கிறது. எண்ணெய் பூசிய தண்டிலோ இந்த வித்தியாசம் பன்மடங்கு பெரிது. மேலும் வளைகோட்டின் இடதுகோடியில், அதாவது மிக மெதுவான சுழற்சியில், தண்டு ஒரே சீராக நகர்வதுகூட இல்லை. பற்றிக்கொள்ளும், விடுபட்டுத் துள்ளும், மறுபடியும் பற்றிக்கொள்ளும். மெதுவாகத் திரும்பும் பழைய யந்திரங்களில் கேட்கும் முனகலும் கிறீச்சிடலும் பெரும்பாலும் இந்தப் பற்றுதல்-விடுதலின் ஓசையே.

இத்தகைய சந்தர்ப்பத்தில் தண்டுக்குச் சேதம் வராமலிருக்க, பேரிங்கின் உட்புறத்தில் பாபிட் என்னும் மிருதுவான உலோகத்தை வார்த்து வைப்பது வழக்கம். அமெரிக்கரான ஐசக் பாபிட் 1839-இல் காப்புரிமை பெற்ற இந்தக் கலப்பில் பெரும்பகுதி ஈயமல்ல, வெள்ளீயம். ஆன்டிமனியும் தாமிரமும் சிறிதளவு சேர்கின்றன. எஃகு தேய்வதற்குப் பதிலாகத் தான் தேய்ந்து, எண்ணெய் சற்றே தவறினால் தான் உருகி, தண்டைக் காப்பாற்றுவது அதன் தர்மம். சேதமடைந்த பேரிங் ஒன்றைக் கழற்றிப் பார்த்தால், கண்ணாடி போலிருக்க வேண்டிய அதன் வெள்ளிநிறப் பரப்பு மங்கி, சுழற்சியின் திசையிலேயே உலோகம் நாக்கு நாக்காக இழுபட்டு, எண்ணெய் செல்லும் பள்ளத்தின் விளிம்பில் சுருண்டு படிந்திருப்பதைக் காணலாம். ‘பேரிங் வைப் ஆகிவிட்டது’ என்று மின்நிலையத்தார் சொல்வது இதைத்தான்.

வேகமாக ஓடும்போது தேய்மானமே இல்லை என்பதற்கு ஒரு பிரத்தியட்சப் பிரமாணம் வேண்டுமானால், அமெரிக்காவில் பென்சில்வேனியா மாகாணத்தில் சஸ்குவெஹான்னா நதிமேல் உள்ள ஹோல்ட்வுட் நீர்மின் நிலையத்தைச் சொல்லலாம். செங்குத்தாக நிற்கும் தண்டின் எடையையும் அதன்மேல் நீர் செலுத்தும் பாரத்தையும் அடியில் தாங்குவதற்கு, தனித்தனியே சாய்ந்துகொடுக்கும் பலகைகளை வட்டமாக அடுக்கி ஆல்பர்ட் கிங்ஸ்பரி அமைத்த பேரிங் 1912-இல் அங்கே பொருத்தப்பட்டது. ஒவ்வொரு பலகையும் தானாகவே சிறிது சாய்ந்து ரேனால்ட்ஸ் சொன்ன ஆப்பை உண்டாக்கிக்கொள்ளும் என்பதே அதிலுள்ள யுக்தி. ஆஸ்திரேலியாவில் மிச்சல் என்பவரும் இதே யுக்தியைத் தனியே கண்டுபிடித்திருந்தார். 48 அங்குல விட்டமுள்ள அந்த பேரிங் 220 டன் பாரத்தைச் சுமந்தபடி 75 வருஷங்கள் வேலை செய்தபின்னும் சொல்லத்தக்க தேய்மானம் அதில் காணப்படவில்லை.

அப்படியானால் தேய்மானம் எப்போதுதான் நேர்கிறது? கிளம்பும்போதும் நிற்கும்போதும் உள்ள சில நிமிஷங்களில். நீர்மின் நிலையத்தார் இதை நன்கு அறிந்தவர்களாதலால், தண்ணீரை அடைத்தபின் யந்திரத்தைத் தானாக ஓய்ந்து நிற்கும்படி விட்டுவிடுவதில்லை. வேகம் நாலில் ஒரு பங்கு, ஐந்தில் ஒரு பங்கு என்று இறங்கியதும் பிரேக்கைப் போட்டு விரைவில் நிறுத்திவிடுகிறார்கள். நின்ற பிறகும், மூடிய கதவுகளின் இடுக்கில் கசியும் நீர் தண்டை எவரும் கவனிக்காமலே ஊரவைத்துவிடக்கூடும் என்று அஞ்சி, அந்த ஊர்தலைக் கண்டு எச்சரிக்கும் கருவியை வைத்திருக்கிறார்கள். மெல்லச் சுழல்வது நீர்மின் பொறியாளருக்கு இவ்வளவு வேண்டாத காரியமாயிருக்க, அனல்மின் பொறியாளர் மட்டும் தம் யந்திரத்தை வேண்டுமென்றே மணிக்கணக்காக, நாட்கணக்காக மெல்லச் சுழற்றிக்கொண்டிருக்கிறாரே, ஏன்?

காரணம் உஷ்ணம். வினாடிக்கு 50 சுழற்சியுள்ள மின்சாரத்துக்கு இணங்க நிமிஷத்துக்கு 3000 சுற்று சுற்றும் நீராவி டர்பைனுக்குள் நுழையும் நீராவி 540 டிகிரி சென்டிகிரேட் அளவில் இருக்கிறது. மேட்டூரிலும் தூத்துக்குடியிலும் உள்ள 210 மெகாவாட் யந்திரங்கள் இந்த ஜாதியைச் சேர்ந்தவையே. நீராவியை நிறுத்திவிட்டாலும், பல பத்து டன் எடையுள்ள எஃகு உடனே குளிர்ந்துவிடாது. உறைக்குள் அடைபட்ட காற்றும் எஞ்சிய ஆவியும் இயற்கைப்படி பிரிந்து, சூடானது மேலேயும் குளிர்ந்தது கீழேயுமாக நின்றுகொள்கின்றன. ரோட்டார் எனப்படும் சுழலும் பாகம் அசையாமல் கிடந்தால் அதன் மேற்பாதி சூடாகவும் கீழ்ப்பாதி குளிர்ந்தும் போகும். சூடான பாதி நீளும், குளிர்ந்த பாதி சுருங்கும். தண்டு வில்லைப்போல் மேல்நோக்கி வளைந்துவிடும்.

எவ்வளவு வளையும் என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்பது கடினமன்று. எஃகு ஒரு டிகிரிக்குத் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் 12 பங்கு விரிகிறது. இரு பேரிங்குகளுக்கு நடுவே ஐந்து மீட்டர் நீளமும் அறுபது சென்டிமீட்டர் விட்டமும் உள்ள ஒரு தண்டில், மேலுக்கும் கீழுக்கும் 20 டிகிரி வித்தியாசம் ஏற்பட்டால், அதன் நடுப்பாகம் ஏறத்தாழ ஒன்றேகால் மில்லிமீட்டர் மேலே எழும்பிவிடும். ஐந்து மீட்டரில் ஒன்றேகால் மில்லிமீட்டர் அற்பம் என்று தோன்றலாம். ஆனால் நீராவி ஒழுகாமல் தடுக்கும் விளிம்புகளுக்கும் தண்டுக்கும் நடுவே விடப்பட்டிருக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகவே இருப்பது சாதாரணம். வளைந்த தண்டு அந்த விளிம்புகளில் உரசும். உரசிய இடம் மேலும் சூடேறும். சூடேறிய இடம் மேலும் வளையும்.

அப்படி வளைந்த தண்டையே பொருட்படுத்தாமல் முழு வேகத்துக்கு ஏற்றினால் என்ன ஆகும் என்பதையும் ஓர் எண்ணால் உணர்த்தலாம். நிமிஷத்துக்கு 3000 சுற்றில், ஒரு பொருளின் கனமையம் சுழற்சி அச்சிலிருந்து பத்தில் ஒரு மில்லிமீட்டர் விலகியிருந்தால், அதனால் உண்டாகும் மையவிலக்கு விசை அந்தப் பொருளின் எடைக்கே சமமாகிவிடுகிறது. தண்டு வளைந்துகொடுக்காத ஒரே கட்டி என்று வைத்துப் போட்ட கணக்கு இது. பத்து டன் ரோட்டார் ஒன்று வினாடிக்கு ஐம்பது தடவை, ஒவ்வொரு திசையிலும் மாறி மாறிப் பத்து டன் பலத்தோடு தன் ஆசனத்தை உலுக்கினால், அந்த யந்திரமும் அதைத் தாங்கும் கான்கிரீட் மேடையும் எந்தக் கதியாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகையால் சூடான ரோட்டார் நிற்கவே கூடாது. எல்லாப் பக்கமும் மாறி மாறி மேலும் கீழும் வந்துகொண்டேயிருந்தால் எந்தப் பக்கமும் தனியே சூடாகவோ குளிரவோ இடமிராது. இதற்காக டர்பைனின் தண்டோடு கோத்துக்கொள்ளும் பற்சக்கரத் தொகுதி ஒன்றையும் அதற்கென ஒரு மோட்டாரையும் வைக்கிறார்கள். பாரிங் கியர் என்றும் டர்னிங் கியர் என்றும் அதற்குப் பெயர். சில அமைப்புகளில் அது ரோட்டாரை நிமிஷத்துக்கு மூன்று நான்கு சுற்று மட்டும் சுற்றவைக்கும். வேறு சிலவற்றில் எண்ணெயின் வேகத்தால் இயங்கும் சிறு சக்கரம் ஒன்று நூறு சுற்று அளவுக்கும் கொண்டுபோகும். வேகம் சற்று அதிகமாயிருப்பதில் ஓர் அனுகூலம் உண்டு. பிளேடுகள் உள்ளேயுள்ள காற்றைக் கலக்கிவிடுவதால் சூடும் குளிர்ச்சியும் மேலும் கீழுமாகப் பிரிந்து நிற்க அவகாசமிராது.

ஆனால் இப்போது பழைய இடர்ப்பாடு திரும்பி வருகிறது. மூன்று சுற்றில் மெத்தை ஏது? அதைத்தான் விலை கொடுத்து வாங்கவேண்டும் என்று முன்பு சொன்னது. பேரிங்கின் அடித்தளத்தில், தண்டு நேராக அமரும் இடத்தில், சிறு துளைகள் போட்டு, ஜாக்கிங் ஆயில் பம்ப் என்ற தனிப் பம்பின் மூலம் நூறு வளிமண்டலத்தையும் மிஞ்சும் அழுத்தத்தில் எண்ணெயைப் பாய்ச்சுகிறார்கள். அத்தனை டன் எடையும் மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்கு மட்டும் எழும்புகிறது. அவ்வளவு போதும். பற்சக்கரத்தின் சிறிய மோட்டாரால் அசைக்க முடியாமலிருந்த தண்டு இப்போது இணங்கித் திரும்புகிறது. எண்ணெயைச் சற்றுக் குளிர்ந்த நிலையில் வைத்தால் அதன் பிசுபிசுப்பு கூடி அதுவும் துணைக்கு வருகிறது. டவரின் மரமுளையைத் தள்ளிய அழுத்தத்தைத் தண்டு தானே உண்டாக்கிற்று. இங்கே அதே காரியத்தைத் துளையின் மறுபுறத்திலிருந்து பம்ப் செய்கிறது.

யந்திரம் நிறுத்தப்படும் நேரத்தில் டர்பைன் மேடையில் நின்று பார்ப்பவருக்கு இந்த வரிசை முழுவதும் காதாலேயே தெரியும். நீராவி வால்வுகள் மூடியதும் இரைச்சலின் சுருதி இறங்கத் தொடங்குகிறது. இறங்கி இறங்கி, தனித்தனி ஓசைகளைப் பிரித்தறியும் நிலைக்கு வருகிறது. ஜாக்கிங் பம்பின் கூர்மையான ரீங்காரம் மட்டும் புதிதாகச் சேர்கிறது. ரோட்டார் நின்றதும் பற்கள் கோத்துக்கொண்டு மறுபடியும் ஊரத் தொடங்குகிறது. அப்போது அநுபவசாலிகள் ஓர் இரும்புக் கம்பியை உறையின்மேல் ஊன்றி, மறுமுனையைக் காதோடு வைத்துக்கொண்டு, உள்ளே உரசல் ஏதேனும் கேட்கிறதா என்று சுற்றிவந்து பார்ப்பார்கள். கட்டுப்பாட்டு அறையில் இருப்பவரோ பாரிங் மோட்டார் எடுக்கும் மின்னோட்டத்தையும், தண்டின் வளைவைக் காட்டும் எக்சென்ட்ரிசிட்டி முள்ளையும் விட்டுக் கண்ணை எடுக்கமாட்டார். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் மோட்டாரின் மின்னோட்டம் ஏறி இறங்குமானால் உள்ளே வளைவு பிறந்திருக்கிறது என்று அர்த்தம்.

இன்னொரு விசித்திரமான ஓசையும் உண்டு. கடைசி வரிசைகளிலுள்ள நீண்ட பிளேடுகளை அவற்றின் வேர்ப் பள்ளத்தில் இறுக்கிப் பிடித்திருப்பது முக்கியமாக மையவிலக்கு விசைதான். அச்சிலிருந்து ஒரு மீட்டர் தூரத்தில், முழு வேகத்தில், ஒவ்வொரு பொருளும் தன் எடையைப்போல் பதினாயிரம் மடங்கு பலத்தோடு வெளிநோக்கி இழுக்கப்படுகிறது. ஐந்து கிலோ எடையுள்ள பிளேடு ஐம்பது டன் பலத்தோடு தன் பள்ளத்தில் பதிந்து நிற்கிறது. மூன்று சுற்றிலோ அந்த இழுப்பு பிளேடின் சொந்த எடையில் நூற்றில் ஒரு பங்குதான். ஆகவே பூமியின் ஈர்ப்பு ஜயித்துவிடுகிறது. மேலே வந்த பிளேடு ஒரு பக்கமும் கீழே போன பிளேடு மறுபக்கமுமாக ஒவ்வொரு சுற்றிலும் மயிரிழை அளவு சாய்ந்து விழுந்து ‘டிக்’ என்ற ஓசையை எழுப்பக்கூடும். பல்லாயிரம் சுற்றுகளில் அந்த அற்ப அசைவே வேர்களைத் தேய்க்கும். முழு வேகத்தில் ஸ்திரமாயிருந்த பிளேடு, ஓய்வு வேளையில்தான் தளர்கிறது.

பாரிங் கியர் பழுதாகிவிட்டால்? அல்லது மின்நிலையத்துக்கே மின்சாரம் இல்லாமல் போய்விட்டால்? எண்ணெயை நிறுத்தாமல் ஓட்டுவதற்குப் பாட்டரியில் இயங்கும் பம்பு உண்டு. தண்டைத் திருப்புவதற்கு மனிதக் கை உண்டு. நீண்ட கைப்பிடியைப் போட்டு ரோட்டாரைச் சரியாக அரைவட்டம் திருப்பி, மேலே இருந்த சூடான பக்கத்தைக் கீழே கொண்டுவந்து சிறிது நேரம் நிறுத்துகிறார்கள், வளைவு தானே நேராகிறது, மறுபடியும் அரைவட்டம். தண்டின்மேல் சாக்பீஸால் ஓர் அடையாளம் போட்டுக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி இதை முறையாகச் செய்துவர வேண்டும். திரும்ப மறுக்கும் ரோட்டாரைப் பலாத்காரமாகத் திருப்பக்கூடாது என்பதும், கிரேனைக் கட்டி இழுக்கலாகாது என்பதும், குளிர்ந்து தானாக விடுபடும்வரை பொறுத்திருக்க வேண்டும் என்பதும் இந்தத் துறையின் அனுபவ விதிகள்.

விலை கொடுத்து வாங்கிய மெத்தையின் மகிமையை உச்சத்தில் காட்டுவது மின்நிலையமன்று, ஒரு தூரதர்சினி. கலிபோர்னியாவில் பலோமார் மலைமேல் 1948-இல் திறந்து வைக்கப்பட்ட ஹேல் தூரதர்சினியின் கண்ணாடி 200 அங்குல விட்டமுள்ளது; கண்ணாடியும் சட்டங்களும் சேர்ந்து அசையும் பாகத்தின் எடை சுமார் 530 டன். நட்சத்திரங்களைப் பின்தொடர்வதற்காக அது பூமியின் சுழற்சிக்கு எதிராக, 23 மணி 56 நிமிஷத்துக்கு ஒரு சுற்று என்ற விகிதத்தில் திரும்பவேண்டும். அதன் வடகோடியில் குதிரை லாட வடிவில் அமைந்த தாங்கியின் விட்டம் 46 அடி. அவ்வளவு பெரிய வளையத்தின் விளிம்புகூட வினாடிக்கு அரை மில்லிமீட்டர்தான் நகர்கிறது. ரேனால்ட்ஸின் ஆப்பு இந்த வேகத்தில் ஒன்றுக்கும் உதவாது. பற்றுதலும் விடுதலும் ஏற்பட்டாலோ, போட்டோத் தகட்டின்மேல் நட்சத்திரம் புள்ளியாக விழாமல் கோடாக இழுபட்டுவிடும்.

ஆகவே அமைப்பாளர்கள் அந்த லாடத்தைப் பளபளப்பான திண்டுகளின்மேல் ஏற்றி, திண்டுகளுக்குள்ளிருந்து எண்ணெயை அழுத்தத்தோடு செலுத்தி, அத்தனை டன்னையும் அங்குலத்தில் ஆயிரத்தில் சில பங்கு கனமுள்ள படலத்தின்மேல் மிதக்கவிட்டார்கள். ஒரு குதிரைச் சக்தியில் பன்னிரண்டில் ஒரு பங்கு உள்ள மோட்டாரே அதைத் திருப்பப் போதுமானதாயிற்று. வெளியிலிருந்து அழுத்திய திரவத்தின்மேல் பாரத்தைத் தூக்கும் இந்த எண்ணம் புதியதன்று. பிரான்ஸ் தேசத்து ஜிரார் என்ற நீரியல் பொறியாளர் 19-ஆம் நூற்றாண்டிலேயே நீர் மெத்தையின்மேல் வழுக்கிச் செல்லும் ரயில் ஒன்றைக் கற்பனை செய்தார். அவர் காலமானபின் 1889-இல் பாரிஸ் கண்காட்சியில் அது ஓட்டியும் காட்டப்பட்டது. ரயிலுக்குப் பயன்படாமல் போன யுக்தி, ரயிலைவிட ஆயிரக்கணக்கான மடங்கு மெதுவாக நகரும் ஒரு யந்திரத்தில் தன் ஸ்தானத்தைக் கண்டுகொண்டது.

உண்மையில் இவையெல்லாம் இன்று முன்னைவிட முக்கியமாகி வருகின்றன. அனல் மின்நிலையங்கள் வகுக்கப்பட்ட காலத்தில், ஒருமுறை கிளப்பிய டர்பைன் மாதக்கணக்கில் நிற்காமல் ஓடும் என்பதே எதிர்பார்ப்பு. பேரிங் தேய்வதற்கு வருஷத்தில் சில சந்தர்ப்பங்களே வாய்த்தன. சூரிய மின்சாரமும் காற்றாலை மின்சாரமும் பெருகியிருக்கும் தமிழ்நாட்டைப் போன்ற பிரதேசங்களில், நடுப்பகலில் அனல்மின் உற்பத்தியைக் குறைத்து மாலையில் ஏற்றவும், காற்று வீசும் பருவத்தில் சில யந்திரங்களை நிறுத்தியே வைக்கவும் நிர்ப்பந்தம் ஏற்படுகிறது. ஒவ்வொரு நிறுத்தமும் சூடான ரோட்டாரைப் பாரிங்கில் வைத்துக் காக்கவேண்டிய ஒரு நீண்ட காலம். ஒவ்வொரு கிளப்பலும் ஷ்ட்ரீபெக்கின் வளைகோட்டை இடதுகோடியிலிருந்து மறுபடியும் ஏறிக் கடக்கவேண்டிய ஒரு பயணம். ஒரு யந்திரத்தின் ஆயுளை அது ஓடிய மணிகளைக் கொண்டு மதிப்பிட்டது போய், அது எத்தனை தடவை நின்று கிளம்பிற்று, எத்தனை நாள் மெல்லச் சுழன்றது என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டியிருக்கிறது. ஆகையால் புதிதாக ஒரு டர்பைனை வாங்குபவர் அதன் மெகாவாட்டை விசாரிப்பதோடு நில்லாமல், அதன் ஜாக்கிங் பம்புக்கு மாற்றுப் பம்பு இருக்கிறதா, பாட்டரி எத்தனை மணி தாங்கும், கையால் திருப்பும் ஏற்பாடு எட்டும் இடத்தில் இருக்கிறதா என்பதையும் விசாரிப்பதே புத்திசாலித்தனம்.